பித்தளைச் சாமி சிலையைத் துலக்க எதைக் கொடுப்பது?



புரட்டாசி பிறந்துவிட்டால் நம் பலசரக்குக் கடைகளில் புளி, எலுமிச்சை, விபூதி, துலக்கும் பொடி ஆகியவற்றின் விற்பனை கூடிவிடும். நவராத்திரிக்காக வீடுகளில் விளக்கும் சாமி சிலைகளும் துலக்கப்படும் காலம் அது. பெயரிலேயே தாமிரத்தைத் தாங்கிய ஆற்றின் கரையில் இருக்கிறோம். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது வெண்கலப் பொருட்கள் ஏராளமாகக் கிடைத்தன. அத்தனை பழக்கமான உலோகத்தைத் துலக்க எதைக் கொடுப்பது என்பதில் மட்டும் நாம் கவனமாக இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். "சிலை துலக்க ஏதாவது கொடுங்க" என்று ஓர் அம்மா கேட்டார். பையன் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மறுநாள் அவர் தவழும் கிருஷ்ணனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பொன்னிறம் போய், திட்டுத் திட்டாகச் செம்பு நிறம் ஏறியிருந்தது. மாமியார் கொடுத்த சிலையாம். "சரி, என் நேரம்" என்று சொல்லிப் போய்விட்டார். வைதிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

காரணம் இதுதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. கடும் ஆசிட் துத்தநாகத்தை அரித்தெடுத்துவிடும். மேலே செம்பு மட்டும் நிற்கும். போன துத்தநாகம் திரும்பி வராது. புளியிலும் எலுமிச்சையிலும் இருப்பதும் புளிப்புதான், ஆனால் மென்மையானது. அதையும் இரவெல்லாம் பூசி வைத்தால் கெடுதலே.

வாடிக்கையாளருக்கு நாம் சொல்ல வேண்டியவை:

1. ஊறவைத்த புளியைப் பூசி, இரண்டு மூன்று நிமிடங்களில் விரலாலோ மெல்லிய துணியாலோ தேய்த்துக் கழுவிவிட வேண்டும். உப்பு சேர்த்தால் கறை சீக்கிரம் போகும். ஆனால் உப்பு இடுக்கில் தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

2. செங்கல்பொடி, கம்பி நார் கூடாது. நாளடைவில் சாமியின் கண்ணும் மூக்கும் மழுங்கிப்போகும்.

3. கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த விபூதியைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும்.

4. பால், தயிர், பஞ்சாமிர்த அபிஷேகம் செய்தால் அன்றே நன்றாகக் கழுவ வேண்டும். பச்சைக் களிம்பு விஷம். களிம்பு பிடித்த சிலையில் அபிஷேகம் செய்ததைப் பிரசாதமாகச் சாப்பிடக்கூடாது.

5. மொராதாபாத், அலிகார் பக்கமிருந்து வரும் புதுச் சிலைகள் பலவற்றில் மேலே வார்னிஷ் போன்ற பூச்சு இருக்கும். அவற்றைத் தேய்க்கவே வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஆசிட் பற்றி இன்னொன்று. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அடையாள அட்டையைப் பார்த்த பிறகே ஆசிட் விற்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கவே கூடாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்து இருபது ரூபாய் லாபத்துக்கு இந்த வம்பு வேண்டியதில்லை. எங்கள் கடையில் அந்தச் சரக்கையே நிறுத்திவிட்டோம்.

பரம்பரையாக வந்த மிகப் பழைய சிலை என்றால் எந்த யோசனையும் சொல்லாதிருப்பதே நல்லது. அதன் மங்கிய நிறமே அதன் வயதுக்கு ஒரு சாட்சி. நூறாண்டுக்கு மேற்பட்ட உலோகச் சிலைகளை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். போட்டோ எடுத்து வைக்கவும், பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் விசாரிக்கவும் சொல்லலாம். கல்லிடைக்குறிச்சிக் கோயிலில் 1982-ல் களவுபோன நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2019-ல்தான் திரும்பி வந்தார். போன பொருளை மீட்க அத்தனை காலம் ஆகிறது.

கால் கிலோ புளி வாங்க வருபவர் நம் வார்த்தையையும் நம்பித்தான் வாங்குகிறார். சரக்கைப் போலவே அந்த வார்த்தையும் தரமாக இருக்கட்டும். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.