அழுத கண் இல்லை, அக்கா!

எனக்கு வயது 37. கிழக்குத் தாம்பரத்தில் கணவர், மாமியார், இரு பிள்ளைகளோடு வசிக்கும் இல்லத்தரசி. இரண்டு வருடங்களாக என் மேல் இமைகள் வீங்கியே இருந்தன. கோலம் போட வாசலுக்கு வந்தால் எதிர் வீட்டு அக்கா, "என்னம்மா, ராத்திரி பூரா அழுதியா? வீட்ல ஏதாவது தகராறா?" என்பார். இல்லை என்றால் நம்ப மாட்டார். தெருவே என் கணவரை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. பாவம், அந்த மனுஷனுக்கு அதட்டிப் பேசக்கூடத் தெரியாது!

தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் சோதித்தாயிற்று, கோளாறு இல்லை. கடைசியில் தோல் டாக்டர்தான் என் கன்னத்தையும் மூக்கையும் பார்த்துவிட்டு 'ரோசேஷியா' என்றார். முகம் அடிக்கடி சிவந்து எரியும் நோய். வெள்ளைத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம் மாநிறத்தில் சட்டென்று தெரிவதில்லை. அபூர்வமாகச் சிலருக்கு இமையில் நிணநீர் வடியாமல் தேங்கி, வீக்கம் கெட்டிப்பட்டு விடுமாம். அமுக்கினால் குழி விழாது. 1957ல் பிரான்ஸில் டெகோஸ் என்ற டாக்டர் இதை விவரித்தார். நோயாளியின் ஊர்ப் பக்கத்தை வைத்து 'மொர்பியான் நோய்' என்கிறார்கள்.

மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன். (கர்ப்பிணிகளுக்குக் கூடாத மாத்திரை, அதை விசாரித்த பிறகே எழுதிக் கொடுத்தார்.) எரிச்சல் குறைந்ததே தவிர, இமை கண்ணை மறைத்துக்கொண்டு தொங்கியது. பஸ் நம்பர் பார்க்கத் தலையை அண்ணாந்து தூக்க வேண்டும். ஆபரேஷன்தான் வழி என்றார்கள்.

மின்சார ரயிலில் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1819ல் தொடங்கியது அது. "கண்ணுல கத்தி வைக்கிறதா?" என்று மாமியார் சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். மயக்கம் கொடுக்கவில்லை, இமையில் மரத்துப் போகிற ஊசி மட்டும். இமை மடிப்பிலேயே கீறி, தடித்த தோலையும் அடியிலிருந்த சதையையும் எடுத்துவிட்டுத் தைத்தார்கள். மடிப்புக்குள் இருப்பதால் தழும்பு தெரியாது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. ஒரு வாரத்தில் தையல் பிரித்தாலும், கண்ணைச் சுற்றி நீலம் பாரித்தது மறைய நாளாயிற்று. கறுப்புக் கண்ணாடியோடுதான் மேடவாக்கம் கல்யாணத்துக்குப் போனேன்!

திரும்பவும் வீங்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அதனால் வெயிலில் குடை, கொதிக்கக் கொதிக்கக் காபி கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் தடவவே கூடாதாம், ரோசேஷியா அதிகமாகுமாம். எல்லாம் சரி, மிளகு ரசத்தை மட்டும் விட முடியவில்லை. வாரம் ஒரு நாள், ஆற வைத்துக் குடிக்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிழக்குத் தாம்பரம்.