கை நீட்டாத பிள்ளைகள்

அதிகாரத்துக்கு ஒரு வேலி – 9

1935 நவம்பர் 5. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்ற சிற்றூரில், வில்லியம் கோபிடாஸ் என்கிற பத்து வயதுப் பையன் பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினான். கொடிக்கு நான் ஏன் வணக்கம் செலுத்துவதில்லை என்றால், கடவுளுக்கு மட்டும்தான் அந்த வணக்கம் என்று பைபிளின் பத்துக் கட்டளைகள் சொல்கின்றன. நாட்டை நேசிக்கிறேன், கடவுளை அதைவிட நேசிக்கிறேன். விஷயம் அவ்வளவுதான். அந்தத் தாள் இன்று வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது கைக்கு வந்தபோது பள்ளி நிர்வாகம் அதை அத்தனை பத்திரமாக மதிக்கவில்லை. மறுநாளே கூடித் தீர்மானம் போட்டு, வில்லியமையும் பன்னிரண்டு வயது அக்கா லில்லியனையும் பள்ளியைவிட்டு நீக்கியது.

மைனர்ஸ்வில் நிலக்கரிச் சுரங்க ஊர். பிள்ளைகளின் அப்பா மளிகைக் கடைக்காரர். குடும்பம் ‘யெகோவாவின் சாட்சிகள்’ சபையைச் சேர்ந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிரசங்கம் செய்கிறவர்கள். மற்ற எல்லாச் சபைகளையும் வெளுத்து வாங்கும் துண்டுப் பிரசுரங்களைக் கையில் திணிக்கிறவர்கள். ஊரில் அவர்களை யாருக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமை வழக்குகளில் கதாநாயகர்கள் நமக்குப் பிடித்த மாதிரி அமைவது அபூர்வம்.

அந்தக் காலத்துக் கொடி வணக்கம் இப்போது நாம் படங்களில் பார்ப்பதுபோல இல்லை. வலது கையை நெஞ்சில் வைத்து உறுதிமொழியைத் தொடங்க வேண்டும். கொடி என்ற சொல் வந்ததும் கையை எடுத்துக் கொடியை நோக்கி விறைப்பாக நீட்ட வேண்டும். இந்த உறுதிமொழியை அரசாங்கம் எழுதவில்லை, எழுதியது ஒரு வார இதழ். கொலம்பஸ் வந்து 400 ஆண்டு ஆனதைக் கொண்டாட 1892-இல் ‘யூத்ஸ் கம்பேனியன்’ என்ற பத்திரிகைக்காக ஃபிரான்சிஸ் பெல்லமி என்ற போதகர் எழுதிக் கொடுத்தது. அதே பத்திரிகை பள்ளிகளுக்குக் கொடியும் விற்றுக்கொண்டிருந்தது. தேசபக்திக்கும் வியாபாரத்துக்கும் உள்ள உறவு அன்றே அப்படித்தான்.

கையை நீட்டும் அந்தக் காட்சி 1935-இல் வேறொரு நாட்டை நினைவூட்டியது. ஜெர்மனியில் இதே சபையினர் ஹிட்லருக்குக் கை நீட்ட மறுத்து வேலையையும் விடுதலையையும் இழந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு வாஷிங்டனில் நடந்த மாநாட்டில் சபைத் தலைவர் ரதர்ஃபோர்டு, அமெரிக்கக் கொடி வணக்கமும் சாட்சிகளுக்கு ஆகாது என்று பேசினார். அந்தப் பேச்சு மைனர்ஸ்வில் மளிகைக் கடைவரை வந்து சேர்ந்தது. லில்லியன் அப்போது வகுப்புத் தலைவி. முதல் நாள் தம்பி கை நீட்டாமல் நின்றுவிட்டு வந்தான். மறுநாள் அக்காவும் நின்றாள்.

வழக்கு ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. 1938-இல் மாவட்ட நீதிமன்றத்தில் பிள்ளைகள் ஜெயித்தார்கள். 1939-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். பள்ளி நிர்வாகம் விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழியில் யாரோ ஒரு குமாஸ்தா குடும்பப் பெயரைத் தவறாக எழுத, கோபிடாஸ் ‘கோபிடிஸ்’ ஆனது.

தீர்ப்பு வந்த நாள் 1940 ஜூன் 3. டன்கர்க் கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகளைக் கப்பலேற்றும் வேலை முடியப்போகிற நேரம். பாரிஸ் வீழ இன்னும் பதினோரு நாள். அடுத்தது யார் முறை என்று உலகமே கலங்கியிருந்தது. எட்டு நீதிபதிகள் பள்ளியின் பக்கம் நின்றார்கள். பிள்ளைகளின் பக்கம் ஒரே ஒருவர், ஹார்லன் ஸ்டோன்.

இரண்டே வாரம் முன்பு, மே 20-ஆம் தேதி, இதே சபையினர் மேல்முறையீடு செய்த கான்ட்வெல் வழக்கில் இதே நீதிமன்றம் ஒருமனதாக அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நாடாளுமன்றத்தை மட்டுமே பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துகிறது. மத சுதந்திரம் பற்றிய பகுதி மாநிலங்களையும் கட்டும், உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த பதினான்காம் திருத்தம் அதை அங்கேயும் கொண்டுபோகிறது என்று அந்த வழக்கில்தான் முடிவானது. தெருவில் பிரசங்கம் செய்யலாம் என்று சொன்னவர்கள், வகுப்பில் சும்மா நிற்கக் கூடாது என்று பதினான்கு நாளில் சொன்னார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வியன்னாவில் பிறந்த யூதர். 1894-இல் பன்னிரண்டு வயதில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாமல் நியூயார்க்கில் வந்து இறங்கியவர். பள்ளிதான் அவரை அமெரிக்கர் ஆக்கியது. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தபோது, சாக்கோ, வன்செட்டி என்ற இரண்டு இத்தாலிய அராஜகவாதிகளின் மரண தண்டனைக்கு எதிராகப் பேனா பிடித்தவர். குடிமக்கள் உரிமைகளைக் காக்கும் அமைப்பு உருவாகவும் துணை நின்றவர். அவரிடமிருந்து இப்படி ஒரு தீர்ப்பை நண்பர்கள் எதிர்பார்க்கவில்லை.

அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. 1930-களில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொண்டுவந்த பொருளாதாரச் சட்டங்களைப் பழைய நீதிபதிகள் ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்ததை அவர் பார்த்திருந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை போட்ட சட்டத்தை, வாழ்நாள் பதவியில் இருக்கும் ஒன்பது பேர் தங்கள் ரசனைக்கேற்ப ரத்து செய்வது ஜனநாயகம் ஆகாது என்பது அவர் கட்சி. நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் நாங்களே நிர்வாகக் குழுவாக முடியுமா என்று கேட்டார். எல்லோருக்கும் பொதுவான விதி. அதிலிருந்து ஒரு மதத்துக்கு விலக்கு தர வேண்டுமா? தேச ஒற்றுமை எவ்வளவு பெரிய விஷயம்! தர வேண்டியதில்லை. பிடிக்கவில்லையென்றால் பிரசாரம் செய்து சட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வயதுப் பெண், ஊரே வெறுக்கும் சபையைச் சேர்ந்தவள், பிரசாரம் செய்து சட்டத்தை மாற்ற வேண்டும்!

பிறகு நடந்ததை அந்தத் தீர்ப்பின் தலையில் மட்டும் கட்ட முடியாது, போர்ப் பீதிக்கும் பங்கு உண்டு. ஆனாலும் காலக்கணக்கு சங்கடமானது. தீர்ப்பு வந்த ஒரு வாரத்துக்குள் மேய்ன் மாநிலத்தில் கென்னபங்க் ஊரில் சாட்சிகளின் வழிபாட்டுக் கூடத்தைக் கூட்டம் கொளுத்தியது. ஜூன் கடைசியில் மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் ஊரில் அவர்களைப் பிடித்து விளக்கெண்ணெய் குடிக்கவைத்து, கயிற்றில் பிணைத்துத் தெருவழியே நடத்திக்கொண்டு போனார்கள். நடத்தியவர்களில் காவல்துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்க அரசின் சொலிசிட்டர் ஜெனரல் ஃபிரான்சிஸ் பிடில் வானொலியில் பேசி மக்களைக் கண்டிக்க வேண்டியதாயிற்று. குடிமக்கள் உரிமை அமைப்பு அந்த ஆண்டு எடுத்த கணக்கில் தாக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். நாடு முழுக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள்.

நீதிபதிகளும் செய்தித்தாள் படிக்கிறவர்கள்தானே. அந்த ஆண்டுக் கோடை விடுமுறை முடிந்து திரும்பியதும், தன் சகா ஹியூகோ பிளாக் மனம் மாறிவிட்டதாக நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஃபிராங்ஃபர்ட்டரிடம் சொன்னாராம். விடுமுறையில் அரசியல் சட்டத்தை மறுபடி படித்தாரா என்று ஃபிராங்ஃபர்ட்டர் குத்தலாகக் கேட்க, இல்லை, பத்திரிகைகளைப் படித்தார் என்று டக்ளஸ் பதில் சொன்னாராம். இதைக் குறித்துவைத்தவர் ஃபிராங்ஃபர்ட்டரே.

1942 ஜூனில் புத்தக விற்பனை உரிமம் பற்றிய சம்பந்தமில்லாத ஒரு வழக்கில், பிளாக், டக்ளஸ், மர்ஃபி மூவரும் கோபிடிஸ் தீர்ப்பில் நாங்கள் தவறிவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். யாரும் கேட்கவில்லை, அவசியமும் இல்லை. தாங்களே இரண்டு வருடம் முன்பு போட்ட கையெழுத்து தப்பு என்று பதவியில் இருக்கும்போதே ஒப்புக்கொண்ட நீதிபதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கு முன்பே பியர்ல் ஹார்பர் தாக்குதலோடு அமெரிக்கா போரில் இறங்கியிருந்தது. 1942 ஜனவரி 9-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் கல்வி வாரியம் எல்லா மாணவர்களும் ஆசிரியர்களும் கொடிக்குக் கை நீட்டியே ஆக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் முகவுரையில் ஃபிராங்ஃபர்ட்டரின் வாசகங்களையே பெரும்பாலும் பெயர்த்து வைத்திருந்தார்கள். இந்தச் சைகை ஹிட்லர் வணக்கம்போல இருக்கிறதே என்று சாரணர் இயக்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் பெற்றோர்–ஆசிரியர் சங்கமும் முணுமுணுத்தன. அதற்காகச் சிறு திருத்தம் செய்தார்கள். சாட்சிகளுக்காக எதையும் மாற்றவில்லை.

இந்தத் தீர்மானத்தின் பொறி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். கை நீட்டாத பிள்ளை அடங்காத பிள்ளை, பள்ளியிலிருந்து நீக்கு. நீக்கிய பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. ஆகவே சட்டவிரோதமாக மட்டம் போடுகிறது. மட்டம் போடும் பிள்ளையைக் குற்றச் சிறாராக நடத்தலாம். அதன் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. கதவைச் சாத்திவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று அடிப்பது.

சார்ல்ஸ்டன் நகருக்கு வெளியே ஸ்லிப் ஹில் தொடக்கப் பள்ளியில் படித்த பார்னெட் சகோதரிகள் இந்தப் பொறியில் சிக்கினார்கள். நீதிமன்றத்தில் இவர்கள் பெயரிலும் ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வின் சார்பில் ஜான் பார்க்கர், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு எதிரே இருந்தும் அதைப் பின்பற்ற மறுத்தார். தீர்ப்பளித்தவர்களில் பலரே இப்போது அதை நம்பவில்லையே, நான் எதற்கு நம்ப வேண்டும் என்பது அவர் வாதம். துணிச்சல்தான்.

உச்ச நீதிமன்றத்தில் கணக்கு மாறியிருந்தது. தனியே நின்ற ஸ்டோன் இப்போது தலைமை நீதிபதி. மனம் மாறிய மூவர். புதிதாக வந்த இருவர், ராபர்ட் ஜாக்சனும் வைலி ரட்லெட்ஜும். ஆறுக்கு மூன்று. 1943 ஜூன் 14-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் அது கொடி நாள்.

எழுதியவர் ஜாக்சன். நியூயார்க் மாநிலத்தின் சிறுநகர வழக்கறிஞர், சட்டப் பட்டம் இல்லாதவர். ஒரே ஒரு வருடம் சட்டக் கல்லூரியில் உட்கார்ந்துவிட்டு, மூத்த வழக்கறிஞர்களிடம் தொழில் கற்று உச்ச நீதிமன்றம்வரை வந்தவர். என் கணிப்பில் அவர் செய்த பெரிய காரியம் ஃபிராங்ஃபர்ட்டரின் கேள்விக்கு வேறு விடை சொன்னதல்ல. கேள்வியையே மாற்றினார். விதி எல்லோருக்கும் பொது, இவர்களுக்கு விலக்கு கொடுக்கலாமா என்று கேட்டால், விலக்குக் கேட்கிறவன் கையேந்தி நிற்கிறான். கொடுப்பதும் மறுப்பதும் கொடுப்பவன் தயவு. ஜாக்சன் அதற்கு முந்திய இடத்துக்குப் போனார். ஒரு குடிமகன் நம்பாத ஒன்றை அவன் வாயால் சொல்லவைக்கும் அதிகாரம் அரசுக்கு எங்கிருந்து வந்தது? அந்த அதிகாரமே இல்லையென்றால் விலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் இது சாட்சிகளின் மத சுதந்திரத் தீர்ப்பாக இல்லாமல் பேச்சுரிமைத் தீர்ப்பாயிற்று. கடவுள் நம்பிக்கை உள்ளவன், இல்லாதவன், வெறுமனே பிடிவாதக்காரன், எல்லோருக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கும் உரிமை கிடைத்தது.

சட்டத்தை மாற்றப் பிரசாரம் செய்யுங்கள் என்ற வாதத்துக்கும் அவர் பதில் வைத்திருந்தார். சில விஷயங்களை வாக்குச் சீட்டுக்கு எட்டாத உயரத்தில் வைப்பதற்காகத்தான் உரிமைப் பட்டியலே எழுதப்பட்டது. அவற்றைத் தேர்தலில் ஜெயித்து வாங்கிக்கொள் என்பது பட்டியலைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். மாற்றுக் கருத்தை வற்புறுத்தி ஒழிக்கக் கிளம்பியவர்கள் கடைசியில் மாற்றுக் கருத்துக்காரர்களையே ஒழிப்பதில் போய் முடிகிறார்கள், அப்படிக் கிடைக்கும் ஒற்றுமை இடுகாட்டு ஒற்றுமை என்ற பொருளிலும் எழுதினார். இரண்டு வருடம் கழித்து இதே மனிதர் நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள்மீது குற்றம்சாட்ட எழுந்து நின்றார்.

ஃபிராங்ஃபர்ட்டர் கடைசிவரை இறங்கி வரவில்லை. சரித்திரத்திலேயே அதிகம் தூற்றப்பட்ட, துரத்தப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்தவன் நான், இந்தச் சுதந்திரங்களின் அருமை எனக்குத் தெரியாதா என்றுதான் மறுப்புத் தீர்ப்பைத் தொடங்கினார். அந்த வரிகளை எடுத்துவிடச் சொல்லிச் சகாக்கள் கேட்டும் எடுக்கவில்லை. என் சொந்த விருப்பத்தைத் தீர்ப்பாக எழுத எனக்கு உரிமை இல்லை என்பது அவர் வலி. அந்த வலி உண்மையானது. எத்தனையோ வழக்குகளில் அவர் எச்சரிக்கை சரியாகவே இருந்தது. இந்த வழக்கில் மட்டும், அரசு எல்லையைத் தாண்டியதா என்று பார்ப்பதற்கு முன்பே, எல்லையைக் காட்டுவது என் வேலையா என்று தயங்கிவிட்டார்.

இந்த இரண்டு தீர்ப்புகளும் 1986-இல் இந்திய உச்ச நீதிமன்றத்திலும் அலசப்பட்டன. கேரளத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும் உடன் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியிருந்தது. அதே சபைப் பிள்ளைகள். நீதிபதி சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அமெரிக்காவிலோ 1977-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வழக்கு ஒன்றில் ஜாக்சனின் தீர்ப்பு மறுபடி கைகொடுத்தது. ‘சுதந்திரமாக வாழ் அல்லது செத்துப்போ’ என்று கார் எண் பலகையில் அச்சிட்டிருந்த வாசகத்தை மறைத்த குற்றத்துக்காக ஒரு சாட்சியை அந்த மாநிலம் 15 நாள் சிறையில் வைத்திருந்தது! இதற்கு நான் விளக்கம் எழுதப் போவதில்லை.

லில்லியனுக்கு 1943 தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, பள்ளி வயது தாண்டிவிட்டது. கொடி வணக்கத்தில் கை நீட்டும் வழக்கத்தை மட்டும் நாடாளுமன்றம் 1942 டிசம்பரிலேயே சட்டத் திருத்தம் செய்து, கையை நெஞ்சிலேயே வைத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டது. இரு குடும்பங்களின் பெயர்களும் சட்டப் புத்தகங்களில் இன்றுவரை பிழையாகவே அச்சாகின்றன.

அடுத்த வாரம் இதே ஜாக்சன் மறுபடி வருகிறார். ஆண்டு 1952. கொரியப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, நாட்டின் உருக்காலைகளை ஒரே உத்தரவில் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறார் ஜனாதிபதி ட்ரூமன்.

(தொடரும்)