"மானம் போச்சு"ன்னு சொன்னது யாரு?

காலைப் பிரேயரில் செய்தி வாசிக்கக் கூப்பிட்டாலே எனக்குக் கை கால் உதறும். போன மாதம் கும்மிடிப்பூண்டியை 'கும்பிடிப்பூண்டி' என்று வாசித்துவிட்டேன் (பக்கத்து ஊர் பேரு!). இரண்டு வரிசை சிரித்தது. அன்று மதியம் சாப்பாடே இறங்கவில்லை. சிரித்தவர்கள் மேல்தான் கோபம்.

ஆல்பர்ட் எல்லிஸ் (1913–2007) என்ற அமெரிக்க உளவியல் அறிஞருக்கும் மேடை என்றால் நடுக்கம்தானாம். 19 வயதில் வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கூட்டங்களில் பேசினார். பயம் போனது. 1955-இல் ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கினார்.

நடந்தது ஒன்று. அதைப்பற்றி நாம் நமக்குள் சொல்லிக்கொள்வது இன்னொன்று. வருத்தம் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்துதான் வருகிறது என்கிறார் அவர். என் விஷயத்தில் நடந்தது, ஒரு சொல் தடுமாறியது, சிலர் சிரித்தார்கள். அவ்வளவுதான். "மானமே போச்சு, எல்லாரும் இதையேதான் பேசுவாங்க" என்பது நானாகச் சேர்த்தது. யார் பேசினாங்க? விசாரித்தேன். பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கே ஞாபகம் இல்லை! சங்கடமா இருந்தது நிஜம். 'தாங்கவே முடியாது' என்பது பொய். தாங்கிட்டுத்தானே இதை எழுதறேன்?

நம் எண்ணத்துக்கு நாம் பொறுப்பு என்றால், பிறர் அடிப்பதும் மிரட்டுவதும் நம் தப்பு என்று அர்த்தமில்லை. அதை டீச்சரிடமோ வீட்டிலோ சொல்லியே ஆகணும். மனசு பாரமாகவே இருந்தால் 14416-க்கு போன் செய்யலாம். 2022-இல் தொடங்கிய அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

வியாழக்கிழமை மறுபடி என் முறை. வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகுகிறேன். கால் இன்னும் உதறத்தான் செய்யுது.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு