கோதுமை நுழையாத பேக்கரி: செய்முறையைவிட முக்கியம் சமையலறை

ரொட்டி, கேக், பிஸ்கட், கறி பஃப் என பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடிப்படை கோதுமை மாவுதான். கோதுமையை உண்ணவே கூடாத ஒருவருக்கு அங்கு வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது.

அத்தகையோருக்காக வீட்டிலிருந்தோ புளோக்கின் கீழ்த்தளக் கடையிலோ சிறிய பேக்கரி தொடங்க நினைப்போர், முதலில் நல்ல செய்முறைகளைத் தேடுவது இயல்பு. ஆனால், அதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. அந்தச் சமையலறைக்குள் கோதுமை மாவு வரலாமா, கூடாதா என்பதே அது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே ‘குளூட்டன்’. ‘சிலியாக்’ நோய் உள்ளவர்கள் அதை உண்டால், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவிலுள்ள சத்து உடலில் சேர்வது குறைந்து ரத்தசோகை, எலும்பு மெலிவு, பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு போன்றவை ஏற்படலாம்.

உலக அளவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை டச்சு குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்க 1950ல் தமது ஆய்வேட்டில் விளக்கினார். வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இன்றும் இதற்கான சிகிச்சை.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறு. அதில் அரிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் உடனே ஏற்படலாம். குளூட்டன் நீக்கப்பட்ட கோதுமை மாச்சத்தும் சந்தையில் கிடைக்கிறது. அது ‘குளூட்டன் இல்லாதது’ என்ற வரையறைக்குள் வந்தாலும், கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்தாகலாம். எனவே, வாடிக்கையாளர் எதைத் தவிர்க்கிறார் என்று கேட்டறிவது அவசியம்.

1 கிராம் மாவின் கணக்கு

‘கோடெக்ஸ்’ எனும் அனைத்துலக உணவுத் தரநிலையின்படி, ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் குளூட்டன் இருக்கக்கூடாது.

1 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அரைத் தேக்கரண்டிகூட இல்லாத அந்த மாவு ஒரு கிலோ கேக் கலவையில் விழுந்தால், அளவு வரம்பைப்போல் நான்கு மடங்காகிவிடும்.

கோதுமை மாவைக் கொட்டும்போதும் சலிக்கும்போதும் அதன் தூசு காற்றில் பரவி, பிறகு மேசையிலும் தட்டுகளிலும் படியும். அதனால்தான் ‘காலையில் சாதாரண கேக், மாலையில் குளூட்டன் இல்லாத கேக்’ என்ற ஏற்பாடு நம்பகமானதன்று. சல்லடை, மரக்கரண்டி, பூரிக்கட்டை போன்றவற்றின் இடுக்குகளில் தங்கும் மாவைக் கழுவி முழுமையாக நீக்குவதும் கடினம். இவற்றைப் புதிதாக வாங்கித் தனியாக வைத்திருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து தொடங்குவோருக்கு இது குடும்பம் முழுவதற்குமான முடிவு. அதே அடுப்படியில் சப்பாத்தி, பரோட்டா செய்யும் வீட்டில் இந்தத் தொழிலைச் செய்வது சிரமம்.

ஒளிந்திருக்கும் கோதுமை

அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, சோளம், கடலை மாவு, மரவள்ளி மாவு ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. ஆனால், கோதுமையும் அரைக்கும் இயந்திரத்திலேயே அவற்றை அரைத்தால் கலப்பு ஏற்பட்டுவிடும். தேக்காவில் மாவு வாங்கினாலும் மொத்த வியாபாரியிடம் வாங்கினாலும், எங்கே, எப்படி அரைக்கப்பட்டது என்று விசாரிக்க வேண்டும்.

கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கப்படுகிறது. கார வகைகள் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. மால்ட் பானத் தூள்களில் பார்லி உண்டு. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லாவிட்டாலும், விளைநிலத்திலும் ஆலையிலும் கோதுமையுடன் கலப்பது வழக்கம் என்பதால் சான்று பெற்றதையே வாங்க வேண்டும்.

மாவு இழுபடாது

ரொட்டி மாவு இழுபட்டு, காற்றைப் பிடித்து உப்புவதற்குக் குளூட்டன்தான் காரணம். அது இல்லாதபோது இசப்கோல் உமி, சாந்தன் கம், முட்டை போன்றவை பிணைக்கும் வேலையைச் செய்கின்றன. மாவு தளர்வாக இருக்கும் என்பதால் அச்சில் ஊற்றியே வேகவைக்க வேண்டும்.

இந்த ரொட்டி சீக்கிரம் காய்ந்து உதிரும். துண்டு போட்டு உறைய வைக்கலாம். மாவு வகைகளின் விலையும் அதிகம் என்பதால், தொடக்கத்தில் முன்பதிவுக்கு ஏற்பச் செய்வது நட்டத்தைக் குறைக்கும்.

விதிமுறைகள்

சிங்கப்பூரில் வீவக வீடுகளிலும் தனியார் வீடுகளிலும் சிறிய அளவில் உணவு செய்து விற்க, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால், உணவு விற்பனைச் சட்டத்துக்கு உட்பட்டே நடக்க வேண்டும். அந்த வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு வைக்கக்கூடாது. விளம்பரப் பலகை மாட்டக்கூடாது. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு தரக்கூடாது. கடை எடுத்தால் உரிமம் கட்டாயம்.

பொட்டலமிட்ட உணவில் குளூட்டன் உள்ள தானியங்கள், முட்டை, பால், கொட்டை வகைகள், சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் முகப்புச்சீட்டில் குறிப்பிட வேண்டும்.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியவை

‘குளூட்டன் இல்லை’ என்பதற்கு ‘சர்க்கரை இல்லை’ என்று பொருளன்று. அரிசி மாவும் மரவள்ளி மாச்சத்தும் ரத்தச் சர்க்கரையை வேகமாக உயர்த்தக்கூடியவை. நீரிழிவு உள்ள பாட்டிக்கு இந்தக் கேக் நல்லது என்று வாங்க வருவோரிடம் அதைச் சொல்லிவிடுவதே நேர்மை.

சிலியாக் இருக்குமோ என்று ஐயப்படுவோர், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரக்கூடும். அவர்களை முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அக்கம்பக்க பேக்கரிக்கு வாடிக்கையாளர்கள் குறைவாகவே இருப்பர். ஆனால், வேறெங்கும் நம்பி வாங்க முடியாதவர்கள் அவர்கள். “இதில் என்ன போட்டீர்கள், எங்கே செய்தீர்கள்?” என்பதே அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால் பேக்கரியைத் தொடங்கலாம்.