மலை வீட்டுப் பெண் படிக்கிற மனசுப் படிப்பு

கவுன்சலிங் என்ற வார்த்தை நம் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பிளஸ் டூ ரிஸல்ட் வந்ததும் இன்ஜினீயரிங் ஸீட்டுக்காகப் பெற்றோர் அலைகிறார்களே, அதுதான் நமக்குத் தெரிந்த கவுன்சலிங். ஆகவே ஒரு பெண் வந்து, "நான் கவுன்சலிங் படிக்கப் போறேன்" என்று சொன்னால், "கவுன்சலிங்ல என்ன ஸீட்டு குடுத்தாங்க?" என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை. கல்வராயன் மலையில் ஒரு தாயும் அப்படித்தான் கேட்டார்.

அந்தத் தாயை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். மாசி, பங்குனி பிறந்தால் மலையிலிருந்து புதுப் புளி கொண்டுவந்து, கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொடுப்பவர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் யார் வீட்டில் எத்தனை கிலோ, யார் எவ்வளவு பாக்கி என்பது அத்தனையும் மனக்கணக்கு. கணவர் வருஷத்தில் பாதி நாள் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலையில் இருப்பார். இவர்களுடைய மகள் மலையிலேயே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, இப்போது வெளியூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. உளவியல் மூன்றாம் வருஷத்தில் இருக்கிறாள். அவர்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்தச் சின்ன ஊரிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான்.

"என் பேரும் வேண்டாம், ஊர்ப் பேரும் வேண்டாம்மா. நாளைக்கு என்கிட்ட வந்து பேசறவங்களுக்கு நம்பிக்கை வேணும்" என்று கேட்டுக்கொண்டாள். இருபது வயசுப் பெண்ணின் இந்த நிதானத்துக்காகவே இதை எழுத ஆசைப்பட்டேன்.

நேற்று வந்த பள்ளிக்கூடம்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை ஓரமாக வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. சாமையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. மலையாளி என்ற பழங்குடி மக்கள்தான் இங்கே பெரும்பான்மை. பேர்தான் மலையாளி, பேசுவது தமிழ். மலையை ஆளுகிறவர்கள் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள்.

1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் வசம் இருந்தது. அந்த வருஷம்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இந்தப் பெண்ணின் பாட்டி வளர்ந்தது ஜாகீர் காலத்தில் என்றால், படிப்பு இங்கே எவ்வளவு புதிசு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அப்படியும் பிள்ளைகள் சளைக்கவில்லை. மலையின் சேலம் பக்கத்தில், கருமந்துறையைச் சேர்ந்த ஒரு பழங்குடி மாணவி 2025-ல் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே இடம் பிடித்துவிட்டாள்.

நம் புளிக்கார அம்மாவின் மகளோ, இன்ஜினீயரிங்கும் வேண்டாம், நர்ஸிங்கும் வேண்டாம், மனசைப் பற்றிய படிப்புத்தான் வேண்டும் என்றாள். அதற்குக் காரணம் அவளுடைய அத்தை.

"சாப்பிட்டியாம்மா?"

அவளுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது அப்பாவின் தங்கைக்கு மூன்றாவது பிரசவம் ஆனது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் தாய் பேச்சை நிறுத்திவிட்டார். பிள்ளை அழுதால் திரும்பிப் பார்ப்பதில்லை, ராத்திரி தூக்கமில்லை, குளிப்பதில்லை. காத்து கருப்பு என்றார்கள். பூசாரி வந்தார், கயிறு கட்டினார், வேப்பிலை அடித்தார். மூன்று மாசம் ஓடிவிட்டது. கடைசியில் கிராம சுகாதார நர்ஸ் ஒருவர் பிடிவாதமாக நின்று, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனது இந்தச் சிறுமி.

"எல்லாரும் எங்க அத்தைகிட்ட 'உன்னை என்ன புடிச்சிருக்கு?'ன்னுதான் கேட்டாங்க. அந்த டாக்டரம்மா மட்டும்தான், 'சாப்பிட்டியாம்மா?'ன்னு கேட்டாங்க. எங்க அத்தை அப்பத்தான் மொதல்ல அழுதாங்க" என்றாள் என்னிடம்.

மாத்திரை கொடுத்தார்கள். மாசா மாசம் உட்கார வைத்துப் பேசினார்கள். ஒரு வருஷத்தில் அத்தை பழையபடி காட்டு வேலைக்குப் போனார். ஒரு கேள்வி ஒரு மனுஷியைத் திருப்பிக் கொண்டுவருமா என்ற ஆச்சரியம் அந்தச் சிறுமியின் மனசில் தங்கிவிட்டது.

இளம் தாய்மார்கள் இந்த இடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் சோர்வு, தூக்கமின்மை, பிள்ளைமேல் பிடிப்பில்லாமை, உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு இருந்தால் அது வியாதி. சிகிச்சை உண்டு. கயிறு கட்டுவதில் காலம் போக்கக் கூடாது.

"பைத்தியத்துக்கு வைத்தியமா?"

விஷயம் ஊரில் தெரிந்ததும், "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற படிப்பா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று ஆரம்பித்தார்கள். அரசாங்கம் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வந்தது. ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. ஆனால் ஊர் வாய்க்கு எந்தத் திட்டமும் மூடி போடவில்லை.

இரண்டாம் வருஷப் பொங்கல் லீவுக்கு வந்தவளை, அந்தத் தையிலேயே அத்தை மகனுக்கு முடித்துவிடுவது என்று அப்பா பேசி வைத்துவிட்டார். பெரியவர்கள் கூடி உட்கார்ந்தாகிவிட்டது. அம்மாவுக்கு வாய் திறக்கத் தைரியமில்லை. அப்போது எழுந்து பேசியது, பையனைப் பெற்ற அந்த அத்தையேதான்.

"எனக்கு மருமவளா வர்றதுக்கு முன்னால அவ படிச்சு முடிக்கட்டும். நான் கெடந்த கெடப்பு உங்களுக்கெல்லாம் மறந்துபோச்சா? அன்னிக்கு ஒருத்தி படிச்சிருந்ததாலதான் இன்னிக்கு நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றாராம். கூட்டம் கலைந்தது. பெண் காலேஜுக்குத் திரும்பினாள். கல்யாணப் பேச்சு நின்றதாகச் சொல்ல முடியாது. தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எத்தனை வருஷம், என்ன படிப்பு?

நம் வாசகியரில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். அவள் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன்.

ஸைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மனநல டாக்டர். எம்.பி.பி.எஸ். படித்து, அதற்குமேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதும் அதிகாரம் இவருக்கு உண்டு. உளவியல் படித்து ஆலோசனை சொல்பவர் கவுன்சலர். இவர் மாத்திரை எழுதக் கூடாது. உட்கார்ந்து கேட்பது, சிக்கலைப் பிரித்துக் காட்டுவது, தேவையென்றால் டாக்டரிடம் அனுப்புவது இவர் வேலை. மருத்துவ உளவியலாளர் என்று தனியாக இருக்கிறார். அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். 1992-ல் வந்த சட்டப்படி ஏற்பட்டது அந்தக் கவுன்சில்.

பிளஸ் டூவுக்குப் பின் உளவியல் பட்டம் மூன்று வருஷம். அதற்குமேல் எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம். எம்.எஸ்.டபிள்யூ.வில் மனநலப் பிரிவு எடுத்துச் சமூகப் பணியாளராகப் போகிற வழியும் உண்டு. ஆக மொத்தம் ஐந்து வருஷமாவது ஆகும். மூன்று மாசச் சான்றிதழை மாட்டிக்கொண்டு போர்டு வைப்பவர்களிடம் போகாதீர்கள். "என்ன படிச்சிருக்கீங்க, எங்க பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பெண்களுக்கு இது புதுப் பாதையும் அல்ல. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமை தாங்கியவர். 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவியவர். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் பேச்சைக் கேட்பதற்காக 1986-ல் சென்னையில் ஸ்நேஹாவைத் தொடங்கியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். இருவரும் டாக்டர்கள். இவர்கள் போட்ட பாதையில் இப்போது மலையிலிருந்து ஒருத்தி நடக்கிறாள்.

புத்தகத்தில் இல்லாத வார்த்தைகள்

முதல் வருஷம் அவளுக்கு இங்கிலீஷ்தான் மலையாக நின்றது. ஒரு பக்கம் படிக்க ஒரு ராத்திரி. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. பட்டணத்துப் பெண்கள் 'டிப்ரஷன்', 'ஆங்ஸைட்டி' என்று சரளமாகப் பேசும்போது இவள் கூசிப்போய் உட்கார்ந்திருப்பாளாம்.

பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் நிலைமை மாறியது. கிராமத்துப் பெண்கள் யாரும் டிப்ரஷன் என்று சொல்லி வருவதில்லை. "நெஞ்சு அடைக்குது", "தலை கிறுகிறுங்குது", "உடம்பெல்லாம் எரியுது" என்றுதான் வருகிறார்கள். பட்டணத்துப் பெண்கள் விழித்தார்கள். இவளுக்கு உடனே புரிந்தது. அத்தையும் அதைத்தானே சொன்னார்!

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாட்டில் டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006-ல் ஓர் ஏற்பாடு செய்தார். மனநல டாக்டர்கள் மிகக் குறைவாக இருந்த அந்த நாட்டில், பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் மரப் பெஞ்சுகளில் உட்கார வைத்தார். அவர்கள் நோயின் பேரைச் சொல்வதில்லை. 'ரொம்ப யோசிக்கிறது' என்ற அர்த்தத்தில் அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற வார்த்தையிலேயே பேசினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு நல்ல குணம் தெரிந்ததாக 2016-ல் ஆராய்ச்சி முடிவு வந்தது. இதைப் பாடத்தில் படித்த அன்று, "நம்ம ஊர்ப் பேச்சும் மருந்துதான்னு தெரிஞ்சுதும்மா" என்று எனக்குப் போன் செய்தாள்.

ஏன் மலைக்குத் திரும்ப வேண்டும்?

2024 ஜூன் மாசத்தை எங்கள் ஊர் மறக்காது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கும் மேல் செத்தார்கள். பெண்களும் அதில் உண்டு. சுடுகாட்டுப் புகை அடங்கவே நாளாயிற்று. அரசாங்கம் பணம் கொடுத்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றது. ஆனால் ராத்திரி திடுக்கிட்டு எழுகிற பிள்ளைக்கும், 'நான் தடுத்திருக்கலாமோ' என்று தன்னையே அரித்துக்கொள்கிற மனைவிக்கும் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமே! அது ஒருநாள் வேலை அல்ல; வருஷக்கணக்கான வேலை.

நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய ஆய்வில், நூறு பெரியவர்களில் சுமார் பத்துப் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் ஆரம்பித்தபோது நம் மாநிலத்தில் முதலில் திருச்சியில் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்தது. அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும், நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஏர்வாடியில் 2001-ல் சங்கிலியோடு 28 பேர் தீயில் மாண்டதை நினைத்தால், இந்த வரியின் அருமை தெரியும். சட்டம் இருக்கிறது. மலைமேல் ஏறிப் போய் அதைச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

தாய் கற்ற பாடம்

இந்தத் தடவை புளி கொண்டுவந்தபோது அந்த அம்மாவுக்கு ஒரு குறை. "பக்கத்து வூட்டுப் பொண்ணு வந்து இதுகிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டுப் போவுது. என்னாடி சொன்னான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. பெத்த தாயிகிட்டயே மறைக்குது பாருக்கா!"

"அதும் படிப்புலதான் வருது. கேட்டதை வெளியில சொல்லிட்டா அப்புறம் யார் வருவாங்க?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படின்னா நல்ல படிப்புதான்க்கா" என்றார். அடுத்த தெருவில் யாரோ, "உன் மக என்ன படிக்குது?" என்று கேட்டதற்கு, "அடுத்தவங்க ரகசியத்தைக் காப்பாத்தற படிப்பு" என்று பதில் சொன்னதாகக் கேள்வி!

முதன்முதலாகப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற வீடுகளுக்கு அந்தப் பெண் சொன்ன யோசனைகள் இவை. போனில் 'மார்க் எவ்வளவு?' என்று ஆரம்பிக்காமல் 'என்ன சாப்பிட்டே?' என்று ஆரம்பியுங்கள். ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், ஆதார் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். உதவித்தொகை பாதி நின்றுபோவது காகிதத்தால்தான். முதல் செமஸ்டரில் ஃபெயில் என்று வந்தால் உடனே பெட்டியைக் கட்டச் சொல்லாதீர்கள், திரும்ப எழுதலாம். கல்யாணப் பேச்சைப் பரீட்சை மாசத்தில் எடுக்காதீர்கள்.

நம் வீட்டிலேயோ பக்கத்திலேயோ யாராவது தவித்தால், 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது.

வரும் ஏப்ரலில் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. எம்.எஸ்ஸி.க்கு இன்னும் இரண்டு வருஷம் வேண்டும். அப்பாவின் சம்மதம் பாதிதான் கிடைத்திருக்கிறது. மீதிப் பாதியை வாங்கித் தருவதாக அத்தை சொல்லியிருக்கிறார்.