இருபதாம் நாளுக்குப் பிறகு யார் கட்டுவது?

அமெரிக்காவில் வாழும் எங்கள் குடும்பங்களில் பெற்றோருக்கு எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, பாரிசவாதம் வந்தது என்ற செய்திகளை இப்போது அடிக்கடி கேட்கிறோம். இப்படியானவர்களில் பலரை ஆஸ்பத்திரி நேரே வீட்டுக்கு விடுவதில்லை. பிசியோதெரபியும் தாதியர் கவனிப்பும் கிடைக்கும் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறது. செலவை மெடிக்கெயார் பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் நம்பியிருக்கிறோம். அது பாதிதான் உண்மை.

கணக்கு இதுதான். அசல் மெடிக்கெயாரில் பராமரிப்பு நிலையத்தின் முதல் 20 நாட்களுக்கு நோயாளி எதுவும் கட்டத் தேவையில்லை. 21ஆம் நாளிலிருந்து 100ஆம் நாள் வரை தினமும் பங்குக் கட்டணம் உண்டு. 2025இல் அது நாளொன்றுக்கு 209.50 டொலராக இருந்தது. அந்தக் கணக்குப்படி நாற்பது நாள் தங்கியிருந்தால் 4,190 டொலர். நூறு நாளும் தங்கியிருந்தால் 16,760 டொலர். 101ஆம் நாளிலிருந்து முழுச் செலவும் எங்களுடையது.

இந்தத் தொகை ஆஸ்பத்திரி அனுமதிக்கு 2025இல் நோயாளி முதலில் கட்டிய 1,676 டொலரின் எட்டில் ஒரு பங்கு. சட்டமே அப்படி வகுத்திருக்கிறது. நோயாளியின் வருமானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

விளைவு என்ன? இருபதாம் நாளை ஒட்டி வீட்டுக்குப் போவோர் தொகை திடீரென உயர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அன்று போவோரில் வசதி குறைந்த பகுதிகளில் வாழ்வோரும் சிறுபான்மை இனத்தவரும் கூடுதலாக இருக்கிறார்கள். கால் தேறிவிட்டதா என்பதை நாட்காட்டி தீர்மானிக்கிறது. வீட்டிலே படி ஏற முடியாமல் மறுபடி விழுந்தால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான். அப்போது மிச்சம் பிடித்த காசும் போய்விடும்.

பில்லோடு எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் காலம் கடந்தே வருகிறார்கள். ஆகவே முன்கூட்டியே கவனிக்க வேண்டியவை:

முதலாவது, அசல் மெடிக்கெயாரில் இந்தச் சலுகை கிடைக்க, உள்நோயாளியாகத் தொடர்ந்து மூன்று நாட்கள் இருந்திருக்க வேண்டும். வெளியேறும் நாள் கணக்கில் வராது. கட்டிலில் படுத்திருந்தாலும் 'கண்காணிப்பில்' வைத்திருந்த நாட்கள் சேராது. "அம்மா உள்நோயாளியா, கண்காணிப்பிலா?" என்று முதல் நாளே கேளுங்கள்.

இரண்டாவது, மெடிகப் துணைக் காப்புறுதி. ஜி, என் போன்ற திட்டங்கள் இந்தப் பங்குக் கட்டணத்தை முழுமையாக ஏற்கும். ஏ, பி திட்டங்கள் ஏற்காது. 65 வயதுக்குப் பின் மெடிக்கெயார் பகுதி பி தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் விண்ணப்பித்தால் நோயைக் காட்டி மறுக்க முடியாது. அதன் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம்.

மூன்றாவது, மெடிக்கெயார் அட்வான்டேஜ் எடுத்தவர்களுக்குக் கட்டணமும் நாட்களும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். முன்அனுமதியும் கேட்பார்கள். திட்டப் புத்தகத்தில் பராமரிப்பு நிலையப் பக்கத்தைக் கட்டாயம் வாசியுங்கள்.

நான்காவது, வருமானம் குறைந்தவர்கள் மாநில மெடிக்கெய்ட் அலுவலகத்தில் கியூ.எம்.பி. உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தகுதியிருந்தால் இந்தக் கட்டணத்தையும் நோயாளி கட்ட வேண்டியதில்லை.

ஐந்தாவது, "முன்னேற்றம் இல்லை, இனிக் காப்புறுதி இல்லை" என்று சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். 2013ஆம் ஆண்டின் ஜிம்மோ வழக்குத் தீர்வுப்படி, இருக்கும் நிலையைக் காப்பதற்கும் தேர்ச்சி பெற்ற பராமரிப்பு தேவையென்றால் அதற்கும் காப்புறுதி உண்டு. நிறுத்தும் அறிவித்தல் கையில் கிடைத்ததும் அதிலுள்ள இலக்கத்துக்கு அழைத்து விரைவு மேன்முறையீடு செய்யலாம். காப்புறுதி முடியும் நாளுக்கு முதல்நாள் நண்பகலுக்குள் அழைக்க வேண்டும்.

ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம்.

பெற்றோரை அங்கே விட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம் எங்களிடம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தோடு கட்டணப் பயமும் சேரும்போது வயோதிபர் தேறுமுன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அம்மாவை எப்போது கூட்டிவருவது என்பதை வைத்தியரோடும் சிகிச்சையாளரோடும் பேசி முடிவெடுப்போம். காசுக் கணக்கை அதற்கு முன்பே, அவர் நலமாக இருக்கும்போதே பார்த்துவைப்போம்.