மடிக்கணனி பூட்டிக்கொண்டால் கோப்புகளும் போய்விட்டனவா?

சில மாதங்களுக்கு முன்னர், எமக்கு நன்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது மடிக்கணனியுடன் எம்மைத் தேடி வந்தார். இலண்டனில் வசிக்கும் மகன் அனுப்பிவைத்த கணனி அது. தாம் கற்பித்த பாடசாலையின் வரலாற்றை நான்கு ஆண்டுகளாக அதில் தட்டச்சு செய்து வந்தார். பழைய மாணவர்களிடமிருந்து சேகரித்த புகைப்படங்களும், குடும்பத்தின் காணி உறுதிகளின் பிரதிகளும் அதிலேயே இருந்தன. ஒருநாள் காலை கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றார். ஒரு கட்டத்தின் பின்னர் முயற்சிப்பதற்கே இடமளிக்காமல் கணனி பூட்டிக்கொண்டது. பதற்றத்துடன் நகரத்திலுள்ள திருத்தும் நிலையமொன்றுக்குக் கொண்டு சென்றார். மாலையில் கணனி புத்தம் புதியதைப் போலத் திரும்பி வந்தது. அதற்குள் அவருடையது என்று சொல்ல எதுவுமே இருக்கவில்லை.

அவருக்கு நாம் கூறவேண்டியிருந்த பதில் கசப்பானது. அக்கணனியில் இருந்தது, மகன் தனது மின்னஞ்சலைக் கொண்டு ஆரம்பித்துக் கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கு. மகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கடவுச்சொல்லைப் புதுப்பித்திருந்தால் சிறிது நேரத்திலேயே யாவும் மீண்டிருக்கும். 'போமட்' செய்த பின்னர் அவ்வழி அடைபட்டுப் போயிற்று. பழைய சுழல்தட்டுக் கணனிகளில் அழிந்த கோப்புகளை ஓரளவேனும் மீட்டெடுக்கக் கூடியதாக இருந்தது. இன்றைய கணனிகளில் உள்ள திண்மநிலைச் சேமிப்பகங்கள் அழிக்கப்பட்ட பகுதிகளைத் தாமாகவே துடைத்துவிடுவதால் அந்த வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை.

திறப்புத் தொலைந்துவிட்டது என்பதற்காக எவரும் வீட்டை இடிப்பதில்லை. ஆயினும் கணனி விடயத்தில் நம்மவர்கள் அதனையே செய்கின்றனர். கடவுச்சொல் என்பது கதவு. கோப்புகள் உள்ளே வைத்த இடத்திலேயே இருக்கின்றன. கதவு திறக்கவில்லை என்பதால் உள்ளே உள்ளவை அழிந்துவிட்டன என்று பொருளில்லை. அழிவு ஏற்படுவது பெரும்பாலும் கதவைத் திறக்கும் அவசரத்தில் நாமோ பிறரோ செய்யும் காரியத்தினால்தான்.

இது வெறும் தொழில்நுட்பச் சங்கதி என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. 1990 இல் வடக்கிலிருந்து ஒரே மூச்சில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், போர்க்காலம் முழுவதும் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த தமிழ்க் குடும்பங்களும், 2004 கடற்கோளில் வீடுவாசல் இழந்த கரையோர மக்களும் முதலில் பறிகொடுத்தவற்றுள் கடதாசிகளும் அடங்கும். எஞ்சியவற்றைப் பிரதி எடுத்துக் கணனியில் சேமித்து வைத்திருப்போர் ஏராளம். ஆலய பரிபாலன சபையின் கணக்கும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் சந்தா விபரமும் செயலாளர் ஒருவரின் மடிக்கணனியில் மாத்திரம் இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். வேறெங்கும் பிரதி இல்லாத நிலையில் அந்தக் கணனி பூட்டிக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் செய்யவேண்டியது, கையை எடுப்பது. விண்டோஸ் 11 இல் 2022 ஒக்டோபர் முதல் புதிதாக நிறுவப்படும் கணனிகளில், பத்துத் தடவை தவறாகத் தட்டச்சு செய்தால் பத்து நிமிடங்களுக்குக் கணக்கு பூட்டப்படும். பத்து நிமிடங்கள் கழிந்ததும் தானாகவே திறந்துகொள்ளும் அந்தப் பூட்டைப் பலர் நிரந்தரப் பூட்டு என்று எண்ணிக் கலங்குகின்றனர்.

அடுத்ததாக விசைப்பலகையைப் பார்க்கவேண்டும். 'கெப்ஸ் லொக்' விசை அழுத்தப்பட்டிருக்கின்றதா என்பதைப் பலரும் பார்ப்பார்கள். மொழியைப் பார்ப்பவர்கள் குறைவு. தமிழ் தட்டச்சினைச் சேர்த்துவைத்துள்ள கணனியில், நுழைவுத் திரையிலும் தமிழ் விசைப்பலகை தெரிவாகியிருக்கக் கூடும். அப்போது ஆங்கிலக் கடவுச்சொல் ஒருபோதும் பொருந்தாது. திரையின் மூலையில் மொழியைக் குறிக்கும் சிறு எழுத்துகளை அழுத்தி மாற்றிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்த கணனியாயின் இன்னுமொரு சிக்கல் உண்டு. அமெரிக்க விசைப்பலகை ஒழுங்கில் 'ஷிப்ட்' விசையுடன் 2 ஐ அழுத்தினால் மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறி வரும். பிரித்தானிய ஒழுங்கில் அவ்விடத்தில் இரட்டை மேற்கோள் குறி வரும்; 'அட்' குறி 'என்டர்' விசைக்கு அருகில் இருக்கும். எனவே புதுப்பிப்பு ஒன்றின் பின்னர் இவ்வொழுங்கு மாறிவிட்டால், அக்குறியைக் கொண்ட சரியான கடவுச்சொல்லும் பிழையாகிவிடும். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்திலுள்ள கண் அடையாளத்தை அழுத்தினால் உண்மையில் என்ன தட்டச்சாகின்றது என்பதைக் காணலாம்.

இவற்றால் பயன் கிட்டவில்லையெனில், அது எவ்வகையான கணக்கு என்பதை அறியவேண்டும். நுழைவுத் திரையில் பெயருக்குக் கீழே மின்னஞ்சல் முகவரி காணப்பட்டால் அது மைக்ரோசொப்ட் கணக்கு. பெயர் மாத்திரமே இருப்பின் அக்கணனிக்குள்ளேயே உருவாக்கப்பட்ட உள்ளகக் கணக்காக இருக்கலாம். சில இலக்கங்களைக் கொண்ட 'பின்' மறந்துபோனது என்றால் கவலைக்கு இடமில்லை. அது அந்தக் கணனிக்கு மட்டுமுரிய குறுக்குவழி. கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே செல்ல அதே திரையில் தெரிவு உண்டு.

மைக்ரோசொப்ட் கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு கணனியிலிருந்தோ கையடக்கத் தொலைபேசியிலிருந்தோ புதுப்பிக்கலாம். பதிவு செய்த தொலைபேசிக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ ஓர் இரகசிய இலக்கம் வரும். அதனைக் கொடுத்துப் புதிய கடவுச்சொல்லை அமைத்த பின்னர், பூட்டியிருக்கும் கணனியை இணையத்துடன் இணைத்தே உள்நுழையவேண்டும். இணையமின்றி இருக்கும் கணனிக்குப் பழைய கடவுச்சொல் மட்டுமே தெரியும். புதியதைக் கொடுத்தும் திறக்கவில்லை என்று கூறுவோரில் சிலர் இதனையே தவறவிடுகின்றனர். கோப்பு ஒன்றுக்கேனும் இதனால் தீங்கு நேராது.

நம்மவர்களுக்கு இவ்விடத்தில்தான் தடை ஏற்படுகின்றது. கணக்கை ஆரம்பித்தவர் கனடாவில் இருக்கும் மருமகன்; பதிவு செய்த இலக்கம் அவர் மூன்று வருடங்களுக்கு முன்னர் கைவிட்ட இலக்கம். அல்லது விற்பனை நிலையத்தில் இருந்த இளைஞர் அவசரத்துக்குத் தமது மின்னஞ்சலையே கொடுத்துக் கணக்கை ஆரம்பித்திருப்பார். பதிவு செய்த தொலைபேசியோ மின்னஞ்சலோ கைவசம் இல்லாவிடின், மைக்ரோசொப்டின் மீட்பு விண்ணப்பப் படிவத்தை நிரப்பலாம். முன்பு பயன்படுத்திய கடவுச்சொற்கள், அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்புகள் போன்றவற்றை அது வினவும். ஒரு நாளுக்கு இரு தடவைகள் மாத்திரமே அனுப்பலாம். இரட்டைச் சரிபார்ப்பு செயற்படுத்தப்பட்ட கணக்குகளுக்கு இப்படிவம் பயன்படாது. பாதுகாப்பு விபரங்கள் அனைத்தையும் மாற்றும்படி கோரினால் 30 நாட்கள் காத்திருக்க நேரிடும். முப்பது நாள் பொறுமை, நான்கு ஆண்டு உழைப்பை விட மலிவானது.

உள்ளகக் கணக்காயின், 2018 இற்குப் பிந்திய விண்டோஸ் பதிப்புகளில் கணக்கை உருவாக்கும்போது மூன்று பாதுகாப்பு வினாக்களுக்கு விடை அளித்திருப்போம். தவறான கடவுச்சொல்லைக் கொடுத்ததும் கீழே தோன்றும் மீளமைப்பு இணைப்பு அவ்வினாக்களுக்கு இட்டுச்செல்லும். அதே கணனியில் நிருவாகி உரிமையுள்ள மற்றுமொரு கணக்கு இருந்தால் அதன் வழியாகவும் மாற்றலாம். அவ்வாறு மாற்றும்போது, விண்டோஸின் தனிக்கோப்புக் குறியாக்க வசதியால் பூட்டி வைத்த கோப்புகள் இருந்தால் அவை திறக்கமுடியாதவையாகிவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டு வழிகளும் இல்லையெனில் கணனியை முழுமையாக மீளமைக்கும்படியே மைக்ரோசொப்ட் அறிவுறுத்துகின்றது. கோப்புகள் அழியும் என்பதையும் அது மறைப்பதில்லை.

அந்நிறுவனம் கூறும் அந்த இறுதிப் படிக்கு முன்னர் இன்னொரு வழி இருக்கின்றது. கடவுச்சொல்லைத் தேடாமல், உள்ளே இருப்பவற்றை முதலில் வெளியே எடுத்துவிடுவது. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைச் சிறிய யூ.எஸ்.பி. நினைவகத்தில் இட்டு, அதிலிருந்து கணனியை இயக்கினால் விண்டோஸ் எழும்பவே மாட்டாது. கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி செய்துகொள்ளலாம். கழற்றக்கூடிய சேமிப்பகமாயின் அதனைக் கழற்றி வேறொரு கணனியுடன் பொருத்தியும் இதனைச் செய்யலாம். அதன் பின்னர் கணனியை என்ன செய்தாலும் நட்டமில்லை. ஆசிரியரின் கணனியைக் கையேற்ற நிலையம் இதனைச் செய்து பார்த்ததா என்று நாம் வினவினோம். அவரிடம் எவரும் கோப்புகளைப் பற்றிக் கேட்கவேயில்லையாம்.

ஆனால் இந்தப் பின்பக்க யன்னல் வருடத்துக்கு வருடம் ஒடுங்கி வருகின்றது. சேமிப்பகம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதில் இருப்பவை பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தெரியும். விண்டோஸில் இதற்குப் 'பிட்லொக்கர்' என்று பெயர். முன்பு இது அலுவலகக் கணனிகளுக்கு உரிய ஒன்றாக இருந்தது. 2024 இல் வெளியான விண்டோஸ் 11 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்பட்டு மைக்ரோசொப்ட் கணக்கினால் திறக்கப்படும் கணனிகளில், வீட்டுப் பாவனைக்கான பதிப்பு உட்பட, பாவனையாளர் கேளாமலே இது செயற்படத் தொடங்குகின்றது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு நிறுத்தப்பட்டதால் புதிய கணனிகளுக்கு மாறுவோருக்கும் இது பொருந்தும். கணனி திருடு போனால் திருடனால் நமது ஆவணங்களைப் படிக்க முடியாது என்பது இதன் பெரும் நன்மை. ஆயினும் உரிமையாளரும் திறப்பைத் தொலைத்துவிட்டால் திருடனின் நிலையிலேயே இருப்பார்.

அந்தத் திறப்பு 48 இலக்கங்களைக் கொண்டது. தாய்ப்பலகையை மாற்றினாலோ, ஆரம்ப அமைப்புகளில் கைவைத்தாலோ கணனி நீலத் திரையில் அதனைக் கேட்கும். சில வேளைகளில் நாம் எதுவும் செய்யாமலே கேட்கும். 2024 ஜூலையில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பின் பின்னர் சில கணனிகள் அவ்வாறு கேட்டன. அதே மாதம் 19 ஆம் திகதி 'கிரவுட்ஸ்ட்ரைக்' நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணனிகள் முடங்கியபோது, அவற்றைச் சீர்செய்யப் புறப்பட்ட பொறியியலாளர்கள் பலர் இந்த 48 இலக்கங்களைத் தேடியே அலைந்தனர்.

தானாகச் செயற்பட்ட மறைகுறியாக்கமாயின், நிருவாகி உரிமையுடன் முதன்முதலில் உள்நுழைந்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கில் இத்திறப்பு சேமிக்கப்பட்டிருக்கும். அதாவது, விற்பனை நிலைய இளைஞரின் மின்னஞ்சலில் கணக்கு ஆரம்பிக்கப்பட்டிருந்தால் உங்கள் வீட்டுத் திறப்பு அவரிடம் இருக்கின்றது. அக்கணக்கின் இணையப் பக்கத்தில் 'சாதனங்கள்' பகுதிக்குச் சென்றால், நீலத் திரையில் காணப்படும் அடையாள இலக்கத்துக்குரிய திறப்பைக் காணலாம். அங்கும் இல்லாவிடில், மைக்ரோசொப்டினாலும் அதனை உருவாக்கித் தர இயலாது. எந்தக் கடவுச்சொல்லையும் உடைத்துத் தருவதாகக் கூறி ஆயிரக்கணக்கில் ரூபா கேட்பவர்களிடம் ஏமாறாதிருக்க இந்த ஓர் உண்மையை அறிந்திருந்தாலே போதும். அதேவேளை, முன்வாசலால் செல்பவருக்கு, அதாவது கணக்கின் கடவுச்சொல்லை முறைப்படி புதுப்பித்து நுழைபவருக்கு, மறைகுறியாக்கம் பொதுவாகத் தடையாக அமைவதில்லை.

அப்பிள் கணனிகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. 2020 இற்குப் பின் வந்த, அந்நிறுவனத்தின் சொந்தச் சில்லுகளைக் கொண்ட கணனிகளின் சேமிப்பகம் எப்போதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டே இருக்கும். அப்பிள் கணக்கு அல்லது 'பைல்வோல்ட்' மீட்புத் திறப்பு இருந்தால் கடவுச்சொல்லை மாற்றலாம். இரண்டும் இல்லையெனில் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான்.

திருத்தும் நிலையத்துக்குச் செல்ல நேர்ந்தால், கோப்புகளைப் பிரதி எடுக்கும் வரை எதனையும் அழிக்கக் கூடாது என்று எழுத்தில் கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. குடும்பப் படங்களும் வங்கி விபரங்களும் உள்ள கணனியைத் தெரியாதவரிடம் விட்டுவிட்டு வருவதைக் காட்டிலும், பிரதி எடுக்கும்போது கூட இருப்பது உசிதம். பிறர் கணனியை அனுமதியின்றித் திறப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றமாகும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பொறுப்பான நிலையம் உங்களிடம் உரிமைக்கான அத்தாட்சியைக் கேட்டால் கோபிக்காதீர்கள்.

ஒருவர் காலமான பின்னர் அவரது கணனியைத் திறக்க முடியாமல் குடும்பத்தினர் தவிப்பது இன்னொரு துயரம். அப்பிள் 2021 டிசம்பர் முதல் ஐவர் வரை வாரிசுத் தொடர்பாளர்களாக நியமிக்க இடமளிக்கின்றது. கூகிளில், கணக்கு நெடுங்காலம் செயலற்றிருந்தால் நாம் குறித்துவைத்தவர்களுக்குத் தரவுகளை ஒப்படைக்கும் ஏற்பாடு 2013 முதல் உண்டு. இரண்டையும் உயிருடன் இருக்கும்போதே செய்து வைக்கவேண்டும். இரண்டு ஆண்டுகள் எவரும் உள்நுழையாத கணக்குகளை கூகிளும் மைக்ரோசொப்டும் நீக்கிவிடக் கூடும் என்பதால், வருட முடிவுக்குப் பார்த்துக்கொள்வோம் என்று குடும்பத்தினர் தள்ளிப்போடுவதும் ஆபத்தானது.

ஆசிரியரின் கதை முற்றாக முடிந்துவிடவில்லை. காணி உறுதிகளின் பிரதிகளைக் காணிப் பதிவகத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்று கூறி அனுப்பினோம். வரலாற்றின் முதல் மூன்று அத்தியாயங்களைச் சரிபார்ப்பதற்காக மகனுக்கு மின்னஞ்சல் செய்திருந்தார், அவை கிடைத்துவிட்டன. புகைப்படங்களைக் கொடுத்தவர்களில் இருவர் இப்போது உயிருடன் இல்லை. கணனிக்குத் தமது மின்னஞ்சலிலேயே புதிய கணக்கொன்றை அமைத்துக்கொண்ட அவர், அதன் 48 இலக்கங்களையும் ஒரு கடதாசியில் எழுதி, காணி உறுதி வைக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டிருக்கின்றார். நான்காவது அத்தியாயத்தை மீண்டும் எழுதத் தொடங்கியிருப்பதாகக் கடந்த வாரம் எம்மிடம் கூறினார்.